உறையில் ஏறாத பெயர்

லெட் ஜெப்பெலின் குழு 2007 டிசம்பர் 10இல் லண்டன் ஓ2 அரங்கில் நடத்திய கச்சேரி, 2012இல் ‘செலிப்ரேஷன் டே’ என்று இசைத்தட்டாகவும் படமாகவும் வந்தது. கறுப்பர் இசையை விற்று வளர்ந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் அகமத் எர்டகன் நினைவுக்கான கச்சேரி. வாசிப்பில் குறை சொல்ல மாட்டேன். செத்துப்போன பான்ஹமின் இடத்தில் உட்கார்ந்து மகன் ஜேசன் அடிக்கிற அடி நெஞ்சுல விழுது.

உறுத்தியது பெயர்கள்தான். ‘நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்’ பாட்டுக்கு பேஜ், பிளான்ட் என்று இரண்டே பெயர். 1927லேயே அதைத் தட்டில் பாடியவர் பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்சாஸ் கறுப்பர், கண் தெரியாதவர், தெருவில் பாடிப் பிழைத்தவர். 1945இல் இறந்தார். இவங்க மெட்டையும் தாளத்தையும் மாத்தியிருக்காங்க, சரி. தலைப்பும் பல்லவியும் அவர் தட்டில் கேட்பதுதானே?

‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் மட்டும் வில்லி டிக்சன் பெயர் சேர்ந்திருக்கு. சும்மா வரல. 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம், அப்புறம்தான் பேர் ஏறிச்சு. செத்தவனுக்கு யார் வக்கீல் வைப்பா?

ப்ளூஸ் எல்லாருக்கும் பொது என்பார்கள். பொதுன்னா அந்த ரெண்டு பேர் மட்டும் எதுக்கு? பறையடிச்சவன் பேரைக் கேக்காத ஊர்க்காரன் நான், இந்தப் ‘பொது’வை நல்லாத் தெரியும்.

படம் பார்க்கிற தோழர்கள் அந்த 1927 தட்டையும் தேடிக் கேளுங்கள். ஒத்தைக் கிட்டார், கரகரத்த குரல், மூணு நிமிஷம்.