சடாயுவுக்கு மோட்சம் கொடுக்க இராமன் யார்? திருவரங்கம் கேட்ட கேள்விகள்

சடாயு சாகக் கிடக்கிறான். சீதையைத் தூக்கிக்கொண்டு போனவனைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. தகப்பனுக்குச் செய்வதுபோல இராமன் அவனுக்குக் கடன் செய்து, மேலான உலகங்களுக்குப் போகும்படி விடைகொடுக்கிறான். வால்மீகியில் இது சின்ன இடம்தான். ஆனால் ஊன்றிப் படிக்கிறவனுக்கு இங்கே ஒரு முள் தட்டும். இந்த இராமன் தன்னை மனிதனாகவே நினைக்கிறவன். யுத்தம் முடிந்தபின் தேவர்களே வந்து நீ யார் தெரியுமா என்று எடுத்துச் சொல்லும்போதுகூட, தசரதன் மகன் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவன் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. இராவணன் வரம் கேட்டபோது மனிதனை அற்பமென்று சேர்க்காமல் விட்டுவிட்டான். கதை முழுக்க அந்த அலட்சியத்தின் மேல்தான் நிற்கிறது. இராமன் மனிதனாக இல்லாவிட்டால் வரம் உடையாது, கதையும் நடக்காது. அப்படியானால் ஒரு கழுகரசனுக்கு மேலுலகம் கொடுக்கும் அதிகாரம் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை ஓர் அரசன் பராசர பட்டரிடம் கேட்டதாக வைணவ வியாக்கியானங்களில் ஒரு செய்தி உண்டு. பட்டர் கூரத்தாழ்வானின் மகன். 12ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் இருந்தவர். அவதாரம்தானே, கடவுளுக்கு எதுதான் முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டுப் போகவில்லை. அயோத்தியா காண்டத்தில் தசரதன் கைகேயியிடம் இராமனைப் பற்றிப் பேசும்போது, சத்தியத்தால் உலகங்களை வெல்கிறவன் என்று ஒரு வார்த்தை விடுகிறான். பட்டர் அதை எடுத்துக் காட்டினார். பொய் சொல்லாத மனிதனுக்கு உலகங்கள் வசப்படும். வசப்பட்டதை அவன் பிறருக்குக் கொடுக்கலாம். மனித வேடம் கலையவில்லை, சடாயுவும் போய்ச் சேர்ந்தான்.

மாயக் கதைகளின் இன்றைய வாசகர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். ஒரு மந்திரத்துக்கு விதி இருந்தால் அது எங்கே மீறப்பட்டது, ஒரு பாத்திரம் சொல்லாமல் விட்டது என்ன, இன்னாரின் தாய் உண்மையில் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் முதல் புத்தகம் 1996இல் வந்தது. ஜான் ஸ்நோவின் பெற்றோர் யார் என்பதை வாசகர்கள் அடுத்த சில ஆண்டுகளிலேயே ஊகித்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர் அதை ஒப்புக்கொண்டது 2016இல். நம்மூரில் இதற்கு வியாக்கியானம் என்று பெயர், காலட்சேபம் என்று பெயர், பட்டிமன்றம் என்றும் பெயர். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஊகம் சரியா என்று சொல்ல ஆசிரியர் இருக்கிறார். இங்கே வால்மீகியிடம் போய் யாரும் கேட்க முடியாது. பிரதிக்குள்ளேயே சாட்சி தேட வேண்டும்.

அப்படித் தேடுவதை ஒரு கல்வியாகவே வளர்த்த ஊர் திருவரங்கம். 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னபோது, கேட்டுக் கலைந்த கூட்டத்தைப் பார்த்துப் பெருமாள் புறப்பாட்டுக் கூட்டமோ என்று சந்தேகப்பட்டார்களாம். வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை இரவில் உட்கார்ந்து எழுதி வைத்தார். ஆசிரியரிடம் அனுமதி வாங்காமல் எழுதியதால் சுவடியை நம்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டார் என்பது வரலாறு. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி ஒன்றுக்கு 32 எழுத்தென்று கணக்கிட்டால் பதினொன்றரை லட்சம் எழுத்துக்கு மேல் வருகிறது. ஆழ்வார் பாட்டுக்குத்தான் உரை. ஆனால் பத்துப் பக்கம் புரட்டினால் இராமாயணப் பாத்திரம் ஒன்று எட்டிப் பார்க்கும். அந்த மரபிலேயே வந்த பெரியவாச்சான் பிள்ளை, ஆழ்வார்களின் தொடர்களையே எடுத்துக் கோத்துப் பாசுரப்படி இராமாயணம் என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அந்தத் துணிச்சலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இந்த உரைகளில் என்னை மிகவும் கட்டிப்போட்ட பாத்திரம் சத்ருக்னன். சாதாரண வாசகனுக்கு அவன் எண்ணிக்கைக்கு வந்த தம்பி. பேச்சு குறைவு, கூனியை இழுத்துப்போட்ட இடத்தைத் தவிர அயோத்தியா காண்டத்தில் அவனுக்கென்று சொல்லும்படியான காட்சி இல்லை. ஆனால் அந்தக் காண்டம் தொடங்குவதே அவனை வைத்துத்தான். பரதன் மாமன் வீட்டுக்குப் போகும்போது சத்ருக்னனையும் கூட்டிக்கொண்டு போனான் என்கிறது முதல் சுலோகம். உரையாசிரியர்கள் இங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன் போனான் என்று வால்மீகி சொல்லவில்லை. அவனைக் கொண்டுபோனான் என்கிறார். பரதனுக்காவது பாட்டன் அழைத்த காரணம் உண்டு, இவனுக்கென்று ஒரு காரணமும் கிடையாது. பரதன் எடுத்துச் சென்ற பொருள்களில் ஒன்றுபோல இவனும் போகிறான். அதே சுலோகத்தில் அவனை எப்போதும் பகைவரை வென்றவன் என்கிறார். மாமன் வீட்டுக்குப் புறப்படுகிறவனுக்கு எந்தப் பகைவன்? திருவரங்கத்துப் பதில் கேட்பவரைத் தூக்கிவாரிப் போடும்: அவன் வென்ற பகை இராமனுடைய அழகு. பரதனுக்குத் தொண்டு செய்ய வந்தவனுடைய கண்ணை இராமன் பக்கம் இழுக்கும் அழகு. இலக்குவன் இராமனுக்கு அடிமை. பரதன் இராமன் சொன்னதற்கு அடிமை. சத்ருக்னன் இராமனுடைய அடியவனுக்கு அடிமை. ஆகவே வரிசையில் அவனே உச்சி. கதை ஓரத்தில் ஒதுக்கி வைத்த ஒருவனை ஒரே ஒரு சுலோகத்தைச் சாட்சி வைத்து உச்சியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் இதை ஒருமுறை கேட்டபின் சத்ருக்னனை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்க முடிவதில்லை.

சீதையைப் பற்றிய கருத்தும் இந்த வகைதான். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் பிள்ளை லோகாசாரியர், ஸ்ரீவசன பூஷணத்தில் இராமாயணத்தைச் சிறையிருந்தவளின் பெருமை சொல்லும் நூலாகவே பார்க்கிறார். அவருடைய சான்று இரண்டு குற்றவாளிகளின் ஒப்பீடு. காகமாக வந்த இந்திரன் மகன் சீதையிடம் செய்தது இராவணன் செய்ததைவிடச் சின்னக் குற்றம் அல்ல. ஆனால் அவன் உயிர் பிழைத்தான், காரணம் சீதை பக்கத்தில் இருந்தாள். இராவணன் அழிந்தான், காரணம் அவள் பக்கத்தில் இல்லை. பட்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். இராமன் காப்பாற்றியதெல்லாம் வந்து காலில் விழுந்தவர்களை. சீதையோ தன்னை மிரட்டிய அரக்கியரை அவர்கள் கேட்காமலே அனுமனிடமிருந்து காப்பாற்றினாள். யார் பெரியவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் ஒன்றிலும் புது மாயம் எதுவும் சேர்க்கப்படவில்லை. கதையில் முன்பே இருப்பதை வைத்துத்தான் முடிச்சு அவிழ்கிறது. இன்னொரு வகை உண்டு. அதில் முடிச்சை அவிழ்க்கப் புதிய வரம், புதிய சாபம், புதிய உருவம் வந்து இறங்கும். மாயா சீதை அதற்கு நல்ல உதாரணம். இராவணன் தூக்கிப்போனது நிஜமான சீதையை அல்ல, நிழலை; நிஜமானவள் அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள் என்று கூர்ம புராணமும் அத்யாத்ம இராமாயணமும் சொல்கின்றன. பக்தனுக்கு நிம்மதி. ஆனால் அசோகவனத்தில் பத்து மாதம் அழுதது யார்? நிழலுக்கு எதற்கு அழுகை? சப்பைக்கட்டு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. கம்பன் இந்தச் சங்கடத்தை வேறு விதமாகக் கையாண்டான். வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டே தூக்குகிறான். கம்பனிலோ விரும்பாத பெண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்ற பிரமன் வாக்கை நினைத்துக்கொண்டு, அவளை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். இதுவும் மாயம்தான், ஆனால் தூக்கப்படுகிறவள் நிஜச் சீதை.

மாயம் சேர்த்தால் பாத்திரம் சிறுத்துவிடும் என்று பொதுவிதி போட நினைத்தால் தெலுங்குப் பெண்களின் ஊர்மிளைப் பாட்டு குறுக்கே வரும். இலக்குவன் காட்டுக்குப் போன 14 வருடமும் ஊர்மிளை உறங்கினாள் என்று அவர்கள் பாடினார்கள். இலக்குவன் விழித்திருக்க அவனுடைய உறக்கத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றும் கதை உண்டு. காப்பியம் மறந்துபோன ஒருத்திக்கு அந்த மாயம் ஓர் இடம் வாங்கிக் கொடுக்கிறது.

வாலிதான் எல்லோருக்கும் பொதுச் சிக்கல். எதிர்த்து நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்ற வரத்தைக் கம்பன் அனுமன் வாயிலாக முன்கூட்டியே சொல்லிவைக்கிறான். வால்மீகியில் இந்த வரம் இல்லை, இந்திரன் கொடுத்த பொன்மாலைதான் இருக்கிறது. பாதிப் பலம் போய்விடுமென்றால் இராமன் மறைந்து நின்று எய்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று பலர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். கம்பன் நிறுத்தவில்லை. வாலி நேருக்கு நேர் நியாயம் கேட்கும்போது அந்த வரத்தை யாரும் கவசமாகப் பிடிக்கவில்லை. கடைசியில் இலக்குவன் ஒரு பதில் சொல்கிறான்: எதிரே வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்திருப்பாய், அப்போது உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்பதால் மறைந்து நின்றான் என்று. சாமர்த்தியமான பதில். ஆனால் அதை இராமன் சொல்லவில்லை, தம்பி சொல்கிறான் என்பதைக் கம்பனின் வாசகர்கள் கவனிக்காமல் விட்டதில்லை.

இந்த இடம் 20ஆம் நூற்றாண்டில் மேடை ஏறியது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். அந்த மேடையில் வளர்ந்த பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் பல ஊர்களுக்குப் பரவின. வாலியைக் கூண்டில் நிறுத்துவது, கைகேயிக்கு வக்கீல் வைப்பது, பரதனா இலக்குவனா என்று அணி பிரிப்பது எல்லாம் தமிழ்நாட்டுப் பங்குனி மாலைகளின் பொழுதுபோக்காயிற்று. நிஜமான நீதிபதியும் வந்தார்: சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயீல் வாலி வதத்தை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார். திருச்சிக்காரர்களுக்கு இதில் முந்தின உரிமை ஒன்று உண்டு. வரகனேரியில் பிறந்த வ. வே. சு. ஐயர், தேசபக்தன் பத்திரிகைத் தலையங்கத்துக்காகப் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஹோமரையும் மில்டனையும் வால்மீகியையும் பக்கத்தில் வைத்து அளந்தார். அவர் 1925இல் பாபநாச அருவியில் இறந்து பல வருடங்கள் கழித்துத்தான் அது புத்தகமானது.

இராவணனைப் பற்றிய வாதங்கள் அரசியலாயின. அண்ணா 1943இல் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதினார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது, 1948இல் தடை விழுந்தது, 1971இல்தான் நீங்கியது. கதையைத் திருப்பிப் போட்டவர்கள் ஒருபுறம் இருக்க, திருச்சி மாவட்டத்து அரசங்குடிக்காரரான அ. ச. ஞானசம்பந்தன் கதையைத் திருப்பாமலே இராவணனைப் பெரியவனாகக் காட்டினார். அவருடைய இராவணன் ஒரே குறையால் விழும் மாவீரன். பட்டர் மரபுக்குப் பக்கத்தில் நிற்பது இந்த வழிதான் என்பேன், இருவருடைய நம்பிக்கைகளும் வேறுவேறு என்றாலும்.

நடுவே கல்கியையும் சொல்லிவிட வேண்டும். திருச்சி நேஷனல் ஹைஸ்கூலில் படிப்பைப் பாதியில் விட்டு ஒத்துழையாமைக்குப் போனவர். 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை வேண்டுமென்றே மங்கலாக விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைச் சொல்லியும் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. வாசகர் கேள்விகள் குவிந்து, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று முடிவுரை எழுதும்படி ஆயிற்று. கேட்டால் ஆசிரியர் பதில் சொல்வார் என்ற வசதி கல்கியின் வாசகர்களுக்குக் கிடைத்தது.

கம்பனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைத்தது என்று திருவரங்கம் சொல்கிறது. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை விபீடணன் வாயில் வைத்து யுத்த காண்டத்துக்குள் செருகியிருந்தான் கம்பன். அரங்கேற்றத்தில் ஆட்சேபம் எழுந்ததாம். அப்போது மேட்டழகிய சிங்கர் என்ற நரசிம்மர் தலையசைத்துக் கர்ஜித்து ஒப்புதல் தந்தார் என்பது ஐதீகம். தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. அருகே உயரத்தில் சிங்கரும் இருக்கிறார். அரங்கேற்ற ஆண்டு பற்றிய பழைய செய்யுள் சக ஆண்டு 807 என்கிறது, அதாவது கி.பி. 885, ஆய்வாளர் பலர் கம்பனை 12ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஆண்டு எதுவானாலும் கதையின் குறும்பு ரசிக்கத்தக்கது. செருகிய கதை சரியா என்பதற்கு அந்தக் கதையின் நாயகனே வந்து தீர்ப்புச் சொல்கிறான்.

கடைசியாக, காவிரியின் இரு பக்கமும் இன்னும் ஒத்துப்போகாத ஒரு கேள்வி. பட்டாபிஷேகம் முடிந்து விபீடணன் தன் குலச்செல்வத்தைப் பெற்று இலங்கை போனான் என்று வால்மீகி ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்தச் செல்வம் இட்சுவாகு வம்சம் பூசித்த அரங்கவிமானம்தான் என்பது வைணவர் துணிபு. அப்படியானால் அது ஏன் இலங்கையில் இல்லை? கோயில் புராணத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கிவைத்த விமானம் எழவில்லை. தர்மவர்மச் சோழனும் காவிரியும் வேண்டியதால் பெருமாளே தங்க விரும்பினார். விபீடணனுக்காகத் தெற்கு நோக்கிப் படுத்தார். தென்கரையில் மலைக்கோட்டைக்காரர்களிடம் கேட்டால் கதை வேறு: மாடு மேய்க்கும் சிறுவனாக வந்து விமானத்தைக் கீழே வைத்தது பிள்ளையார். துரத்திக்கொண்டு மலையேறிய விபீடணன் குட்டிய பள்ளம் உச்சிப்பிள்ளையார் நெற்றியில் இன்னும் இருக்கிறது என்பார்கள். நான் மேலே வைத்த அளவுகோல்படி கோயில் புராணம்தான் ஜெயிக்க வேண்டும். தந்திரம் இல்லாமலே பெருமாளின் விருப்பத்தால் முடிச்சு அவிழ்கிறது. இருந்தாலும் மலைக்கோட்டைக் கதையை விட மனம் வரவில்லை. இராவணன் சபையில் வசை கேட்டு, தண்டாயுதம் கையில் இருந்தும் அண்ணனை அடிக்காமல் எழுந்து போனவன் விபீடணன். அவன் பொறுமை இழந்து ஒரு பிள்ளையை நெற்றியில் குட்டினான் என்பதை வால்மீகியும் எழுதவில்லை, கம்பனும் எழுதவில்லை.