ஓட்டல் சுவரில் தொங்கும் பறை

பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு வந்தவை. அடுத்தவன் வீட்டுத் தூணைக் கொண்டுவந்து தன் வாசலில் நிறுத்தி அழகு பார்ப்பது இந்த ஊருக்குப் புதுசில்லை.

அந்தத் தூண்களிலிருந்து நடக்கிற தூரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு ஓட்டலுக்குப் போன மாதம் போனேன். தங்க அல்ல. அங்கே ஒரு ராத்திரி தங்குகிற காசில் எங்கள் சேரியில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும். எங்கள் தெருத் தம்பி ஒருவன் அங்கே அறை துடைக்கிற வேலையில் இருக்கிறான். "நீதான் எழுதுற ஆளாச்சே, ஒருவாட்டி வந்து பாருண்ணா. மியூசியம் கணக்கா வச்சிருக்கானுங்க" என்றான். சாப்பிட வருகிறவர்களுக்கும் சுற்றிக்காட்டுகிறார்கள். ஒரு காபியைக் குடித்துவிட்டு, வெளியூர்க்காரர்கள் நாலு பேரோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

வாசலில் பர்மா தேக்குத் தூண்கள், காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றை இடித்தபோது வாங்கியவையாம். கூடத்தில் ஒரு பல்லக்கு. நெல் கொட்டி வைத்த பத்தாயத்தில் இப்போது சாராயப் பாட்டில்கள். தோட்டத்தில் அய்யனார் குதிரை. மேசைமேல் ஒரு பித்தளைப் பூண் போட்ட மரக்கால், அதில் பூ.

அந்த மரக்காலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. களத்துமேட்டில் என் பாட்டிக்குக் கூலி அளந்தது இந்த மாதிரி மரக்கால்தான். வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று ரெண்டு மரக்கால் வைத்திருந்த பண்ணைகள் உண்டு என்று பாட்டி சொல்லும். இது எந்த மரக்கால்? சுற்றிக்காட்டிய பெண் மரத்தின் பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், எந்த வீட்டுச் சொத்து என்று சொன்னார். அவர்மேல் தப்பில்லை, எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் அங்கே இருக்கிற எல்லாப் பொருளுக்கும் சொந்தக்காரன் இருக்கிறான், செய்தவன் இல்லை. பல்லக்கில் உட்கார்ந்தவர் யார் என்று தெரியும், தூக்கிய தோள் யாருடையது என்று தெரியாது. அரசு அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். டூப்ளே படுத்த கட்டிலைக் காட்டுவார்கள், ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஸ் புஸ் வண்டியைக் காட்டுவார்கள். தள்ளினவன் அங்கேயும் இல்லை.

இந்த நகரத்தை வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள், நடுவில் கால்வாய். கிழக்கே ரோமன் ரோலன் தெருவில் பிரெஞ்சுக் கல்வி அலுவலகம் இருந்த கட்டடம் இன்றைக்கு 'ஓட்டல் த லோரியான்'. மேற்கே பெருமாள் கோயில் தெருவில் ஒரு தமிழ் வீடு 'மேசோன் பெருமாள்'. ஆனால் நகரம் ரெண்டல்ல, மூன்று. மூன்றாவது சேரி. சேரி வீட்டைப் பாரம்பரிய ஓட்டலாக்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மூன்றாவது நகரம் இருந்ததற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே சாட்சி. 1745இல் சம்பா கோயிலுக்குள் சேரிக் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. வேதத்தில் சேர்ந்த பிறகும் எங்களுக்கு எதற்குச் சுவர் என்று நம் ஜனங்கள் குருவிடம் போய் நின்றார்கள். சுவரை இடிக்கச் சொன்னார் குரு. சாதிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள் சண்டைக்கு. ஏமாற்றிப் பிடித்த ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரம் 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. 1848இல் அடிமை முறையை ஒழித்தார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் இங்கிருந்து மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. கடல் தெரிகிற அறைக்கு வாடகை கூடுதல் என்றார் அந்தப் பெண். எந்தக் கடல் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கடைசியாகச் சாப்பாட்டுக் கூடம். சுவரில் ஒரு பறை. கீழே ஆங்கிலத்தில் சின்னச் சீட்டு: 'பழங்குடி மேளம்'.

எனக்கு ஆறேழு வயசிருக்கும்போது எங்கள் சேரியில் இனி சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இருந்த பறைகளைக் குவித்து எரித்தார்கள். தாத்தாவின் பறையும் அதில் போனது. ஊர்க்காரர்கள் வேலை கொடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஒருவேளைக் கஞ்சிதான். தாத்தா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ராத்திரியில் மட்டும் அவர் விரல்கள் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும்.

பறை இழிவா கலையா என்று நமக்குள்ளே இன்னும் சண்டை ஓயவில்லை. எரித்தவர்களும் நம்மவர்கள், இன்றைக்கு மாநாட்டு மேடையில் அடித்து ஆடுகிற பிள்ளைகளும் நம்மவர்கள். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அடிக்க மாட்டேன் என்பதும் அடிப்பேன் என்பதும் நாமே எடுத்த முடிவு. ஓட்டல் சுவரில் தொங்குவது மூன்றாவது வகை. தீயில் காய்ச்சாத பறை பேசாது. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் இல்லாமல், தோல் தளர்ந்து அது தொங்குகிறது. அதன் பெயரையே பிடுங்கிக்கொண்டார்கள். பறை என்று எழுதினால் யார் அடித்தது, ஏன் அடித்தது என்ற கேள்வி வரும். 'பழங்குடி மேளம்' என்றால் வராது.

பழம்பொருளானதும் பறையின் தீட்டு போய்விட்டது. அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அடித்தவனின் தீட்டு போய்விட்டதா? தெரிந்துகொள்ள எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தால் போதும்.

பழசைப் பாதுகாக்கிறார்கள், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள், அதையும் குறை சொல்வதா என்று கேட்பார்கள். தம்பியின் சம்பளத்தில்தான் அவன் தங்கச்சி காலேஜ் படிக்கிறாள். அதை நான் மறுக்கவில்லை. பொருளைக் காப்பாற்றி, அதன் கதையைக் கொன்றுபோடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

பின்வாசலில் தம்பி நின்றிருந்தான். "எங்க தாத்தா பறைய எரிக்கலண்ணா. பழைய சாமான் வாங்குறவன்கிட்ட குடுத்துட்டாரு. தெனம் அதத் தொடைக்கும்போது, இதுவா இருக்குமோன்னு பாப்பேன்" என்றான்.

அந்தச் சீட்டை அவர்கள் திருத்தி எழுதப்போவதில்லை. நாம்தான் எழுதவேண்டும். பறையை எரித்தவர்கள், வந்த விலைக்குக் கொடுத்தவர்கள், ஒளித்துவைத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதை அப்படியே எழுதி வாங்குங்கள்.