நீங்கள் கண்ணா, காதா?

எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம் படிக்கும் உறவுக்காரப் பெண், ‘‘நான் விஷுவல் லேர்னர், மாமா. லெக்சர் கேட்டா மண்டையில ஏறாது’’ என்றாள். காலேஜில் டெஸ்ட் வைத்துச் சொன்னார்களாம்.

அந்த டெஸ்ட்டின் பெயர் ‘வார்க்’. நியூஸிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1987-ல் உருவாக்கியது. 16 கேள்விகள். பதில்களைக் கூட்டினால் நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டா, படித்து எழுதியா, செய்து பார்த்தா என்று தெரிந்துவிடுமாம். கிளி ஜோசியத்தைவிடக் கொஞ்சம் மரியாதையான சமாசாரம். மருத்துவ, நர்ஸிங், பார்மஸி மாணவர்களிடம் இதைக் கொடுத்து, எத்தனை சதவிகிதம் எந்த ரகம் என்று உலகமெங்கும் கட்டுரைகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ரகம் பிரித்ததால் யாராவது நன்றாகப் படித்தார்களா என்ற கேள்வியைப் பல கட்டுரைகள் தொடுவதே இல்லை.

கேட்டவர்கள் உண்டு. 2004-ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் சகாக்களும் ஆராய்ந்தபோது, இதுபோல 71 மாடல்கள் தேறின. 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், ரகத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்றார்கள். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் அனாடமி படித்த நானூறு பேருக்கு மேல் ‘வார்க்’ கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் ரகப்படி படிக்கவே இல்லை. படித்தவர்களுக்கும் மார்க் கூடவில்லை.

விருப்பம் என்பது நிஜம்தான். எனக்கும் படம் போட்ட புத்தகம் பிடிக்கும். பிடித்த வழியே சிறந்த வழி என்று நம்புவதில்தான் ஆபத்து.

‘‘அயோர்டிக் ஸ்டெனோசிஸ் தெரியுமா?’’ என்றேன். நோட்டைப் புரட்டி, அந்த மர்மரின் வைர வடிவப் படத்தைக் காட்டினாள். அழகாக வரைந்திருந்தாள்.

‘‘காதால கேட்டிருக்கியா?’’

‘‘சரியா கேட்கலை, மாமா... நான் விஷுவல்.’’

இதுதான் கவலை. அந்த மர்மரை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்க வேண்டும். கழுத்தில் நாடி மெல்ல எழும்புவதை விரலால் உணர வேண்டும். இடது வென்ட்ரிக்கிள் தடித்திருப்பதை ஈ.சி.ஜி.யில் பார்க்க வேண்டும். ஒரே வியாதிக்குக் காது, கை, கண் மூன்றும் வேண்டும். எந்தப் புலன் என்பதை வியாதிதான் தீர்மானிக்கிறது. டாக்டரின் ரகம் அல்ல.

எல்லா ரகத்துக்கும் பலிக்கும் வழி ஒன்று உண்டு. 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களில் சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், வேறு சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்கள்.

நோட்டை மூடச் சொல்லி, அந்த வியாதியின் மூன்று முக்கிய அறிகுறிகளைக் கேட்டேன். மயக்கம், நெஞ்சுவலி இரண்டும் வந்தன. மூச்சுத்திணறல் வரவில்லை. இனி அதை மறக்க மாட்டாள்.