அடி தளர்ந்தது, சீர் தளரவில்லை

நம் இல்லங்களில் ஓதப்பெறும் புர்தாவைக் கேட்டுப் பழகிய செவிக்கு, அரபுக் கவிதையின் பழைய கட்டுக்கோப்பு புதிதன்று. ஒவ்வொரு பைத்தும் இரு பாதிகளாகப் பிரிந்து நிற்கும். பைத்துதோறும் இறுதியில் 'மீம்' எழுத்தே இயைபாக வந்து முடியும். பன்னூறு ஆண்டுகள் அரபுக் கவிதையை ஆண்ட இந்தக் கட்டினை 1947-இல் ஈராக்கின் இளங்கவிஞர் இருவர் தளர்த்தினர். ஒருவர் நாஸிக் அல் மலாயிகா என்னும் பெண்மணி. மற்றவர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப். முன்னவருக்கு அப்போது வயது 24, பின்னவருக்கு 21.

இவர்களை நவீனத்துவத்தின் முன்னோடிகள் என்று கூறிவிட்டு நின்றுவிடுவோர் பலர். அது பாதி உண்மையே. அவ்வாண்டில் வெளிவந்த இவர்களுடைய முதற்தொகுப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: 'இரவின் காதலி', 'வாடிய மலர்கள்'. இரவும் ஏக்கமும் வாடலும் புனைவியலின் சொத்துகள் அல்லவா? ஆங்கிலப் புனைவியல் கவிஞர்களையும் எகிப்தின் அலீ மஹ்மூத் தாஹாவையும் பயின்று வளர்ந்தவர்கள் இவர்கள்.

அதே ஆண்டில் எகிப்தில் காலரா பரவியது. பிணங்களை இழுத்துச் சென்ற வண்டிக் குதிரைகளின் குளம்போசையைத் தம் கவிதையில் கொண்டுவர முயன்றதாக நாஸிக் பின்னாளில் எழுதினார். சம பாதிகளுக்குள் அந்த ஓசை அடங்கவில்லை. எனவே அடியின் நீளத்தை உணர்ச்சியின் போக்குக்கு விட்டார். ஆயினும் 'தஃப்ஈலா' எனப்படும் சீரை அவர் கைவிடவில்லை. ஓர் அடியில் எத்தனை சீர் என்பது மட்டுமே கவிஞரின் உரிமையாயிற்று. கட்டு தளர்ந்ததற்குக் காரணம் துயரமே. புதுமை மோகம் அன்று.

ஸய்யாபின் 'மழைப் பாட்டு' 1954-இல் வெளிவந்தது. ஆறு வயதில் தாயை இழந்தவர் அவர். பஸ்ராவை அடுத்த ஜைகூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். காதலியின் கண்களை விளித்துத் தொடங்கும் அக்கவிதையில் காதலி தாயாகிறாள், தாய் நாடாகிறாள். மழை பொழிந்து மண் பசுமையுற்றும் ஈராக்கின் பசி தீரவில்லை. 'மழை' என்னும் ஒரு சொல்லே தனித்து நின்று அடியாகி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பழைய யாப்பில் இதற்கு இடமேது?

ஸய்யாபிடம் குறையும் உண்டு. எலியட்டின் தாக்கத்தால் தம்மூஸ், இஷ்தார் முதலிய பழந்தெய்வங்களை வேறு சில கவிதைகளில் அடுக்கினார். அங்கெல்லாம் குறியீடு கனத்துக் கவிதை இளைத்துவிடுகிறது. 'மழைப் பாட்டி'லோ அத்தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. காற்றால் சுவடின்றிப் போன ஸமூது கூட்டத்தாரை நினைவூட்டுகிறார். திருமறையை அறிந்த வாசகனுக்கு அந்த ஒரு பெயரே போதும். உள்ளத்தில் ஊறிய குறியீட்டுக்கும் நூலில் எடுத்த குறியீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நாஸிக் 1962-இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் புதுக்கவிதைக்கும் யாப்பு விதிகள் வகுத்தார். உரைநடைக் கவிதையை மறுத்தார். கதவைத் திறந்தவரே காவலுக்கும் நின்றார் எனச் சிலர் குறை கூறினர். அவர் விதித்த எல்லைகள் குறுகியவை என்பது உண்மையே. பின்வந்தோர் அவற்றை மீறி நல்ல கவிதைகளைப் படைத்தனர். ஆனால் அவர் எழுப்பிய வினா இன்றும் நிற்கிறது: எந்தத் தேவைக்காகக் கட்டினை அவிழ்க்கிறாய்?

புனைவியல் தந்த தனிமனித ஏக்கத்தை இவ்விருவரும் துறந்துவிடவில்லை. அதனைப் பிறருடைய பசிக்கும் சாவுக்கும் திறந்துவிட்டனர். வடிவம் அதன்பின் வந்தது. வரிகளை ஒடித்து அடுக்குவதே நவீனம் என்று கருதும் நம் இளங்கவிஞர்கள் இந்த வரிசை முறையை எண்ணிப் பார்த்தல் நலம்.