கரும்பு விலையும் பாதிப் பொருளியலும்

உளுந்தூர்பேட்டையை அடுத்த திருநாவலூரில் கரும்பு போட்டவருக்கு டன்னுக்கு என்ன கிடைக்கும் என்பது தில்லியில் முடிவாகிறது. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை டன்னுக்கு 3,400 ரூபாய், அது 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு). பிழிதிறன் 9.5-க்குக் கீழே இறங்கினால் 3,151. தமிழக ஆலைகள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது கணக்குதான். மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து அதை 3,500 ஆக்கியது.

சந்தைப் பொருளியல் பேசுவோர் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016-17-இல் சுமார் 200 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் சர்க்கரை உற்பத்தி அடுத்த பருவத்திலேயே 320 லட்சம் டன்னைத் தாண்டியது. சர்க்கரை விலை சரிந்தது. கரும்பு விலையோ சட்டப்படி சரியக் கூடாது. எனவே ஆலைகள் விவசாயிக்குத் தர வேண்டிய பணம் நின்றது. 14 நாளில் பட்டுவாடா, தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. ஆணை ஏட்டில் இருக்க, விலை இறக்கம் நிலுவை என்ற வேடத்தில் வந்து சேர்ந்தது.

மானியம் கொடுத்து ஏற்றுமதி செய்து இந்தியா உலக விலையைக் கெடுக்கிறது என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா 2019-இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனதும் இதே தர்க்கத்தில்தான். 2021 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. (அதைக் கேட்க வேண்டிய அமைப்பு, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019-லேயே முடங்கிப்போயிருந்தது, தடையற்ற வணிகம் பேசிய நாடு செய்த காரியம் அது.)

ஆனால் 2023 நவம்பரில் நியூயார்க் சந்தையில் கச்சா சர்க்கரை பவுண்டுக்கு 28 சென்ட் அளவுக்கு ஏறியபோது, இந்திய ஏற்றுமதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளூரில் சர்க்கரை மலிவாக இருக்கட்டும் என்பது தப்பான எண்ணமில்லை. அதற்கான செலவை விவசாயி தலையில் கட்டியதுதான் இடிக்கிறது. விலை விழுந்தால் சந்தை, ஏறினால் நாட்டு நலன்!

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில். தேவையும் அளிப்பும் சந்தித்து விலை அமையும் என்ற கோட்பாட்டுக்கு வாங்குவோர் பலர் வேண்டும். திருநாவலூர் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூட்டுறவு ஆலைகள் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கின்றன. ஆலைப் பகுதி ஒதுக்கீட்டின்படி ஒரு வயலின் கரும்பு ஓர் ஆலைக்கே போக வேண்டும். வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு நிற்கும். வெட்டியபின் வண்டியில் காய்ந்தால் எடையும் குறையும், இனிப்பும் குறையும். வெட்டுக்கூலி விவசாயி கணக்கில். பேரம் பேச அவருக்கு நேரமே கிடையாது. ஒற்றை வாங்குபவர் விலையை அமுக்க முடியும் என்று பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-லேயே விளக்கிவிட்டார். அப்படிப்பட்ட சந்தையில் சட்ட விலை சலுகையன்று, தற்காப்பு. ஆதரவு விலையை எடுத்துவிடச் சொல்வோர் இந்த அத்தியாயத்தை மட்டும் ஏனோ புரட்டுவதில்லை.

சட்ட விலையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய அதே மாவட்டத்து மரவள்ளியைப் பார்க்கலாம். அங்கே கிழங்கின் மாவுச்சத்து அளவைச் சொல்லும் பாயிண்டைப் பார்த்து ஆலையும் இடைத்தரகரும் சொல்வதுதான் விலை. மரவள்ளிக்கும் குறைந்தபட்ச விலை வேண்டும் என்று அந்த விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.