தேம்பாவணியில் ஏற்ற மரபும் காத்த மரபும்

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2007இல் அம்மாவட்டம் மீண்டும் தனியே பிரியும் வரை பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களுள் இது குறிப்பிடத்தக்கது. திருக்காவலூர் என்னும் பெயரில் இவ்வூர் அவர்தம் கலம்பகத்தின் வழி இலக்கியத்திலும் இடம்பெற்றது. முனிவரைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிகின்றன. தம்மை முற்றிலும் தமிழராக்கிக்கொண்டவர் என்பது ஒன்று. சமயம் பரப்பத் தமிழ்க்கோலம் பூண்டவர் என்பது மற்றொன்று. இரண்டுமே மரபினை அணிந்து களையும் ஆடையாகக் கருதுகின்றன. தேம்பாவணி (1726) இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

பெயரும் பொருளும்

மதுரை மறைத்தளத்தார் உள்ளூர் வழக்கங்களைத் தழுவுவது திருச்சபைக்குள்ளேயே வழக்கிற்குரியதாக இருந்த காலம் அது. திருமுழுக்கில் இடும் பெயர்கள் உள்ளிட்ட பல வழக்கங்களை வரையறுத்து, 1704இல் புதுச்சேரியில் துர்னோன் ஆணை பிறப்பித்தார். எனவே பெயரிடுதல் எளிய செயலன்று. எபிரேயத்தில் பெருகுதல் என்னும் பொருள் தரும் யோசேப்பு, காப்பியத்தில் வளன் ஆகிறார். இறைவன் அருள்கூர்ந்தான் என்னும் பொருளுடைய யோவான், கருணையன் ஆகிறார். ஒலி மாறினும் பொருள் மாறவில்லை. தன்னுடையதை இழக்காமலே பிறருடையதாதல் இயலும் என்பதற்கு இப்பெயர்களே சான்றாகின்றன.

நிலமும் துயரும்

3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தில் இம்முயற்சி எங்கும் ஒரே தரத்தில் அமையவில்லை. நாட்டுப் படலத்தில் யூதேயா, காப்பிய மரபின் நீர்வளமும் வயல்வளமும் மிக்க மருதநிலமாகக் காட்சியளிக்கிறது. கம்பனைப் பயின்ற அவையில் இடம்பெற இது உதவிற்று. ஆயினும் வறண்ட மலைகளும் பாலையும் கொண்ட அந்நிலத்தின் தனித்தன்மை இங்கு மறைந்துவிடுகிறது. இங்கே மரபு, கற்ற பாடத்தை ஒப்புவிக்கும் அளவில் நிற்கிறது.

எலிசபெத்தின் மறைவைப் பாடும் பகுதி இதற்கு நேர்மாறானது. யோவானின் தாய் இறந்த செய்தியை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. அந்த இடைவெளியைத் தமிழின் கையறுநிலை மரபு நிரப்புகிறது. தாயை அடக்கம் செய்து தனித்து நிற்கும் இளைஞனின் புலம்பலைக் கேட்டுக் கானகமே உடன் அழுகிறது. மூலக்கதை சொல்லாது விட்ட துயரைச் சொல்ல ஏற்ற மொழி, ஏற்றுக்கொண்ட மரபிலிருந்தே கிடைத்தது. இங்கே தமிழ் ஒரு கோலமன்று, உணர்வதற்குரிய வழி.

கற்றோரும் மற்றோரும்

இவ்விணைப்பு யாருக்குப் பயன்பட்டது என்னும் வினா எஞ்சுகிறது. சிற்றூர்களில் புதிய சமயம் தழுவியோர், தம் முன்னோரின் மொழிமரபிலிருந்தும் விலக வேண்டுமோ என்னும் நெருக்கடியை எதிர்கொண்டனர். தேம்பாவணி அவர்களுக்கு விடையளித்தது. ஆனால் அவ்விடை புலவர்க்குரிய செந்தமிழில் இருந்தது. பெண்டிர் அம்மானை ஆடிப் பாடும் மரபிலிருந்து வளர்ந்த இலக்கிய வடிவில் அமைந்த கித்தேரியம்மாள் அம்மானையை இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். போர்த்துகீசியரிடையே போற்றப்பட்ட மறைசாட்சி ஒருத்தியின் வரலாற்றை அது எளிய நடையில் கூறுகிறது. செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டிற்கும் இலக்கணம் எழுதியவர், மரபு என்பது புலவர் அவையோடு முடிவதன்று என்பதை அறிந்திருந்தார். காப்பியத்தை மட்டும் முன்னிறுத்தும் ஆய்வுகள் அந்த அறிவின் பாதியையே காண்கின்றன.

முடிவுரை

வேற்று மரபைத் தழுவுவது தன் மரபைத் துறப்பதாகாது என்பதைப் பெயர்களும், அத்தழுவல் உயிர்பெறும் இடத்தை எலிசபெத் புலம்பலும், அதன் எல்லையை நாட்டுப் படலமும் காட்டுகின்றன. ஏற்ற மரபு, வந்தவரின் மரபால் சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லும்போதே அவருக்கு உரியதாகிறது. வீரமாமுனிவர் எந்த அளவு தமிழரானார் என்னும் வினாவைவிட, தமிழ் எவ்விடங்களில் அவரைப் புதிதாகச் சொல்ல வைத்தது என்னும் வினாவே ஆய்வுக்குப் பயன் தருவது.