மணலில் ஏறும் பாய்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை வழியாக வந்து ஓப்பநாயக்கவைத் தொட்டுக்கொண்டு போகும் ஏ4 வீதி, பலாங்கொடை ஏறி, வெல்லவாய இறங்கி, பொத்துவிலில் கடலைக் கண்டு, கடைசியில் மட்டக்களப்பில் போய் நிற்கிறது. காற்றும் ஏறக்குறைய இதே வழியைத்தான் பிடிக்கிறது. ஜூன், ஜூலையில் மேற்குக் கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று சப்ரகமுவ மலைகளில் மோதி, றப்பர் பால்வெட்டை நிறுத்தும் அளவுக்கு மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டியதும் வறண்டுபோய் கிழக்கே கச்சான் என்ற வறண்ட காற்றாக இறங்குகிறது. இங்கே மலைத்தோட்ட லயத்துத் தகரத்தில் மழை அறைகிற அதே நாளில் கிழக்குக் கரையின் பாசிக்குடாவில் கடல் தாம்பாளத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். மலைநாட்டுக்காரருக்குப் பாய்ப்படகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுவே: நமக்கு மழை தந்துவிட்டுப் போன காற்றின் மிச்சம்தான் அங்கே பாயில் நிறைகிறது. பதினைந்து பதினாறு அடிப் படகு ஒன்றில் இரண்டு பேர், ஒரு கூடாரம், இரண்டு கேன் தண்ணீர், நாலு நாளைக்குச் சாப்பாடு; பகலில் கரையோரமாகப் பாய் விரித்துப் போய், பொழுது சாயும்போது பிடித்த மணலில் ஏறிப் படுப்பது. மேல்நாடுகளில் இது வளர்ந்த ஒரு பொழுதுபோக்கு. இதன் ருசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் கடலைக் கைகாட்டுவார்கள். கடல் பெரிய கப்பலில் போகிறவருக்கும் உண்டு. சின்னப் பாய்ப்படகுக்கு மட்டுமே உரிய இன்பம், இன்றிரவு எந்தக் கரை என்று தானே தேர்ந்துகொள்வதில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி படகின் உடம்பே. பெரிய கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும். ஆழம், நங்கூரம், அனுமதிச்சீட்டு எல்லாம் வேண்டும். அது கரைக்கு வருவதில்லை, கரையில் அதற்கென்று வெட்டிவைத்த ஒரு மூலைக்கு வருகிறது. நம் பக்கத்துப் படகுகளைச் செய்தவர்கள் தொடக்கத்திலிருந்தே மணலை மனதில் வைத்துத்தான் மரத்தைத் தொட்டிருக்கிறார்கள். கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது: மரங்களைக் கட்டினால் படகு, அவிழ்த்தால் மரம். தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் பாரம் என்பதால். கரையில் கழிகிற நேரத்தையும் படகின் வாழ்நாளில் சேர்த்து எண்ணியவர்களின் யோசனை இது. நீர்கொழும்பில் இன்றும் பாயோடு ஓடும், சிங்களத்தில் ‘ஒருவா’ எனப்படும் வள்ளம் இன்னும் நுட்பமானது. ஆள் உட்கார்ந்தால் கால் நெருக்கும் அளவுக்கு ஒடுங்கிய உடல். குடைந்த மரத்தின்மேல் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பழைய வேலை. கவிழாமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் வளைந்த கழிகளின் நுனியில் கட்டிய மிதவைக் கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கம்தான் இருக்கவேண்டும். ஆகவே திசை மாற்ற வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்றுகிறார்கள், பின்பக்கம் முன்பக்கமாகிவிடுகிறது. இரண்டு முனையும் ஒன்றுபோல இருப்பது அதனால்தான். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஒடுங்கிய நீர்வழியில் திருப்ப வேண்டியிராதபடி இரு முனையிலும் மூக்கு வைத்த தப்ரபேன் (இலங்கை) கப்பல்களைக் குறித்துவைத்தார். ஒருவாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறிப்பு விளக்கமில்லாமலே புரியும். காற்றை அளக்க அந்த மீனவர்கள் வைத்திருந்த அளவுகோலும் ரசிக்கத் தக்கது: மிதவைக் கழிமேல் எத்தனை பேர் ஏறிப் பாரம் கொடுக்கவேண்டுமோ அதைக் கொண்டு ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று, மூன்று ஆள் காற்று. மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்பதைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது. காற்று என்ன செய்யும் என்பதோடு நாம் என்ன செய்யவேண்டும் என்பதையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலம் போய், இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்குப் பெயராகி, ‘கற்றமரான்’ என்று திரும்பி வந்திருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று தமிழர் கோபித்துக்கொள்வதுண்டு. குணம் பொருந்துகிறது என்பேன். 1960களின் முடிவில் கலிபோர்னியாவில், அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் கடற்கரையிலிருந்தே தள்ளிவிடக்கூடிய இரட்டை உடல் படகுகளைச் செய்யத் தொடங்கினார். அவற்றில் பேர்போன ஹோபி 16 சுமார் 145 கிலோ எடை. மற்றப் பாய்ப்படகுகளில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்க நடுவே இறக்கும் பலகை இதற்கு இல்லை. உடலின் வளைவே அந்த வேலையைச் செய்கிறது. சுக்கான் தரையைத் தொட்டால் மேலே மடிந்துகொள்ளும். காற்றோடு வந்த வேகத்தில் அப்படியே மணலில் ஏறலாம். கட்டுமரக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார்: இது கரையில் எப்படி ஏறும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். சின்னப் படகுப் பயணத்தின் பெரிய பெயரே ஆழ்கடலில் எடுத்ததல்லவா? பிராங்க் டை என்ற ஆங்கிலேயர் பதினாறு அடிக்குச் சற்றே குறைந்த, மேல்தட்டு மூடாத வேஃபேரர் படகில் 1963ல் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும் மறு வருடம் நோர்வேக்கும் போனார். இரண்டாவது பயணத்தில் புயலில் படகு மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது. அவரும் துணையும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். வியக்கவேண்டிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது சகிப்பின் சாதனை. வேஃபேரரை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் அதைச் செய்யவில்லை. குடாவுக்குக் குடா போய், மாலையில் கரை சேர்ந்து, தேநீர் வைத்துக் குடித்தார்கள். அவர்களுக்கு வடகடலின் வற்றுப்பெருக்கு வேறு தொல்லை: மாலையில் தண்ணீரோரம் விட்ட படகு விடியலில் சேற்றுவெளியின் நடுவே கிடக்கும். இலங்கையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையில் படுக்கும் கலைக்கு இந்தத் தீவு அளவெடுத்துத் தைத்ததுபோல அமைந்திருக்கிறது. ஆனாலும் நாம் அதை ஒரு கலையாக எண்ணியதில்லை.

எண்ணாவிட்டாலும் செய்திருக்கிறோம். வாடி என்ற சொல்லை மலைநாட்டில் கருவாட்டுக் கடையோடு சேர்த்துத்தான் கேட்டிருப்போம். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளமும் வலையும் சட்டிபானையுமாகக் கிழக்கே போய்க் கரையில் கிடுகுக் குடிசை போட்டுத் தங்குவார்கள். காற்று மாறியதும் வீடு திரும்புவார்கள். அந்த வாடிதான் நம் மண்ணின் கடற்கரைக் கூடாரம். அதன் நாட்கணக்கும் காற்றின் கணக்குத்தான். இரவில் தரை குளிர்ந்தபின் கரையிலிருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று எழும். விடியுமுன் அதில் பாய் விரித்து வெளியே போவார்கள். பகலில் தரை சுட்டதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வரும், அதில் வீடு. உல்லாசத்துக்குப் போகிறவரும் இந்த மணிக்கூட்டை மீற முடியாது, மீறவும் கூடாது. இடம் தேர்வதிலும் அவர்களுடைய கண் நமக்கு வேண்டும். அடம்பன் கொடி படர்ந்திருக்கும் இடம் வரை வழக்கமான அலை வருவதில்லை. கூடாரம் அதற்கு மேலே. கற்பிட்டி போன்ற மணல் நிலங்களில் கொஞ்சம் ஆழத் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். ஆனால் அலையோரத்தில் தோண்டினால் உப்புத்தான் கிடைக்கும். ஆமை முட்டையிட ஏறும் கரையில் நெருப்பும் டோர்ச்சும் ஆகாது. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மலைநாட்டுக்காரர் யாரிடமும் பாடம் கேட்கவேண்டியதில்லை. கல்லுமாதிரி சுட்ட கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் இரண்டு நாள் தாங்கும், ஒரு கையால் தின்னலாம், மறு கையில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். படகுப் பயணத்துக்கென்று யாரோ யோசித்துக் கண்டுபிடித்த உணவு மாதிரி இருக்கிறது.

மீனவரின் பிழைப்பை இன்பம் என்று பாடுவது வசதி படைத்தவர் பேச்சு என்பார்கள். நியாயமான குற்றச்சாட்டு. மீன் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டியவருக்குக் கரையைத் தேரும் சுதந்திரம் பாதிதான். எஞ்சின் வந்ததும் பாயைச் சுருட்டி வைத்தவரைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. 2004 சுனாமிக்குப் பின் உதவியாக வந்து குவிந்த பைபர்கிளாஸ் படகுகள் மர வள்ளங்களின் இடத்தைப் பிடித்ததும் அப்படியே. இதைவிடக் கனமான மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து சின்னப் பாய்க்கப்பல்களில்தான் நெருக்கியடித்துக் கொண்டுவரப்பட்டு, மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அந்தக் காலம் முழுக்க வருடாவருடம் இதுதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் பாய்ப்படகின் சுகத்தைப் பேசலாமா? பேசலாம், பேசவும் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பயணத்தில் காற்றும் பாயும் கடலும் இருந்தன. கயிறு மட்டும் அவர்கள் கையில் இல்லை. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதை வேறு யாரோ முடிவுசெய்தார்கள். பாய்ப்படகின் இன்பம் எதில் இருக்கிறது என்பதை அந்த இல்லாமை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. கிழக்குக் கரையாருக்கும் அது தெரியும்; 2009 வரை எந்த நேரம் கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை யுத்தமே தீர்மானித்தது. இப்போது கட்டுப்பாடு வேறு உருவத்தில் வருகிறது: பாசிக்குடா மணலின் நல்ல பகுதியில் ஹோட்டல்கள் நிற்கின்றன, பாணமைக்குத் தெற்கே குமனை தேசிய வனத்துக்குள் நினைத்தபடி கூடாரம் போட முடியாது.

ஆபத்து என்ற மறுப்பை மூன்றே வாக்கியத்தில் தள்ளிவிடலாகாது, ஏனென்றால் அதில் கச்சான் சம்பந்தப்பட்டிருக்கிறது. கிழக்கில் அந்தப் பருவத்துக் காலைக்காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையருகே அலையே எழாது. பார்க்க அழைப்புப்போல இருக்கும். பாய் விரித்தால் படகு சத்தமில்லாமல் ஓடும். அரைமணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் தென்னைகள் புல்லாகச் சிறுத்திருக்கும். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து திரும்ப அரைநாள் போதாது. இதனால்தான் புதிதாகப் பழகுகிறவருக்கு மட்டக்களப்பு வாவியைச் சொல்வேன். 56 கிலோமீற்றர் நீளம், எந்தப் பக்கம் காற்று தள்ளினாலும் ஏதோ ஒரு கரை. உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு, கண்டல் மரங்களின் ஓரமாக இறால் வலைக்காரரின் கம்புகளில் சிக்காமல் போய், ஒரு மணல் திட்டில் மூக்கை வைத்துப் பார்க்கலாம். அங்கே படகை இறக்கப் போகிறவர் முதலில் ஒன்றைச் சோதிக்கட்டும்: சாமான்களை இறக்கிவிட்டு இருவர் இருபக்கமும் பிடித்து, மூச்சு வாங்காமல் அதை அடம்பன் கொடிவரை இழுக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் படகு ஒரு அடி பெரிது.